எலிமென்ட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? வெயிட், டைம்அவுட் கேள்வி பதில்

யூஐ ஆட்டோமேஷனில் (திரையை நிரலே இயக்கிச் சோதிப்பது) எலிமென்ட் வெயிட் (பட்டன் போன்ற திரை உறுப்பு வரும்வரை காத்திருப்பது), டைம்அவுட் (அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு, கேள்வி வந்த வரிசையிலேயே பதில். நான் தினமும் புழங்குவது பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் கருவிகளான செலினியமும் பிளேரைட்டும்தான்.

கேள்வி: செலினியத்தில் இம்ப்ளிசிட் வெயிட் 10 நொடி, எக்ஸ்ப்ளிசிட் வெயிட் 15 நொடி. டெஸ்ட் விழுவதற்கு 20 நொடி ஆகிறதே, ஏன்?

பதில்: இரண்டையும் கலந்ததுதான் காரணம். இம்ப்ளிசிட் வெயிட் டிரைவர் (உங்கள் நிரலின் கட்டளையை பிரவுசருக்குக் கொண்டுபோகும் நிரல்) பக்கம் நடக்கிறது, எலிமென்ட் இல்லையென்றால் 10 நொடி வரை டிரைவர் வாயே திறக்காமல் தேடிக்கொண்டிருக்கும். எக்ஸ்ப்ளிசிட் வெயிட் உங்கள் நிரலில் ஓடும் லூப், அரை நொடிக்கு ஒருமுறை "வந்துவிட்டதா?" என்று கேட்க வேண்டியது. ஆனால் இப்போது அதன் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர 10 நொடி ஆகிறது. முதல் கேள்வி முடியும்போது 15 ஆகவில்லை, சரி என்று இன்னொரு முறை கேட்கிறது, அது முடியும்போது 20 ஆகிவிடுகிறது. கலக்காதீர்கள் என்று செலினியம் ஆவணமே இதே எண்களைக் காட்டி எச்சரிக்கிறது. இம்ப்ளிசிட்டைத் தொடாமல் விடுங்கள், அதன் இயல்பு மதிப்பே 0 தான்.

கேள்வி: பட்டனை அழுத்தியதும் 5 நொடி ஸ்லீப் (எது வந்தாலும் வராவிட்டாலும் அத்தனை நொடி நிற்பது). சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். 8 ஆக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு நொடியில் பக்கம் வந்தாலும் ஸ்லீப் 5 நொடியைத் தின்றுவிடும், ஐந்தரை நொடியில் வந்தால் டெஸ்ட் விழும். டைம்அவுட் அப்படியில்லை, அது உச்சவரம்பு மட்டுமே. எலிமென்ட் வந்த கையோடு டெஸ்ட் நகர்ந்துவிடும்.

கேள்வி: ஸ்பின்னர் (வேலை நடப்பதைக் காட்டும் சுழலும் குறி) மறையும்வரை காத்திருந்துதான் அடுத்த அடி வைக்கிறேன். அப்படியும் அவ்வப்போது பழைய தகவலே கையில் கிடைக்கிறது.

பதில்: நல்ல கேள்வி, இதில் நானே இரண்டு நாள் மாட்டியிருக்கிறேன். "சேமி" பட்டனை அழுத்தியதும் ஸ்பின்னர் உடனே வருவதில்லை, கண்ணுக்கு மினுக்காமல் இருக்க ஒரு 200 மில்லி நொடி கழித்துக் காட்டும்படி எழுதியிருப்பார்கள். உங்கள் டெஸ்ட் அதற்குள் வந்து பார்க்கிறது. ஸ்பின்னர் இல்லை, ஆகவே மறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இன்னும் வராததும் வந்து போனதும் அதற்கு ஒன்றுதான். மறைவதற்குக் காத்திருக்காமல், வேலை முடிந்தால் மட்டுமே திரையில் வரக்கூடிய ஒன்றுக்குக் காத்திருங்கள்: சேமித்ததாகச் சொல்லும் செய்தி, பட்டியலில் ஏறிய புது வரி, மாறிய மொத்தத் தொகை, எதுவானாலும்.

கேள்வி: எஸ்பிரெஸோவில் (ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதிக்கும் கருவி) எப்படி?

பதில்: மொபைல் என் பக்கம் இல்லை. ஐட்லிங் ரிசோர்ஸ் பற்றித் தேடிப் படியுங்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: பிளேரைட்டில் கிளிக் சிக்கினால் டெஸ்ட் மொத்தமும் 30 நொடியில் சாகிறது. கிளிக்குக்கு என்று டைம்அவுட் இல்லையா?

பதில்: பிளேரைட் டெஸ்டில் இயல்பாக இல்லை. டெஸ்டுக்கு 30 நொடி, எக்ஸ்பெக்டுக்கு (எதிர்பார்த்தது வந்ததா என்று பார்க்கும் வரி) 5 நொடி, கிளிக் போன்ற செயல்களுக்குத் தனி வரம்பு கிடையாது. கான்ஃபிகில் ஆக்‌ஷன் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது, 10 நொடி வைத்துப் பாருங்கள். எலிமென்ட் கண்ணில் படுகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறொன்று மேலே மறைக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் பிளேரைட் கிளிக் செய்யும், எங்கே நின்றது என்பது பிழைச் செய்தியில் இருக்கும், படியுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 60 நொடி வைத்துவிட்டால்? எலிமென்ட் வந்ததும் நகர்ந்துவிடும் என்று நீங்களே சொன்னீர்களே.

பதில்: பாஸாகும் டெஸ்டுக்கு நஷ்டமில்லை, உண்மை. ஒரு நாள் லாகின் உடைந்தால்? 200 டெஸ்டும் வரிசையாக 60 நொடி காத்து விழும், 3 மணி 20 நிமிடம்.

மீண்டும் அவரே: ஐந்து டெஸ்ட் விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். அப்புறம் என்ன?

பதில்: அந்த ஏற்பாடு சரிதான், என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 60-ஐ ஏற்க மாட்டேன். நேற்று 2 நொடியில் திறந்த பக்கம் இன்று 40 நொடி எடுக்கிறது என்று வையுங்கள். உங்கள் டெஸ்ட் பச்சை காட்டும். பயன்படுத்துபவர் 40 நொடி உட்கார்ந்திருக்க மாட்டார். பொதுவுக்குச் சின்ன எண்ணை வையுங்கள், அறிக்கை தயாரிப்பது போல உண்மையிலேயே நேரம் பிடிக்கும் இடத்தில் மட்டும் அந்த ஒரு வரிக்குக் கூட்டிக்கொடுங்கள்.

கேள்வி: ஸ்லீப் 10 நொடி வைத்தும் ஃபெயில் ஆகிறது.

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள். ஸ்லீப் பற்றி வந்த மற்ற நான்கு கேள்விகளுக்கும் அதே பதில்தான். ஸ்லீப் வேண்டாம்.

கேள்வி: என் கணினியில் ஓடுகிறது, சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் சர்வர்) விழுகிறது. எத்தனை நொடி வைப்பது?

பதில்: ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வெயிட்டும் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று சிஐ லாகில் ஒரு வாரம் பதியுங்கள். பாஸானவற்றில் மிக மெதுவானது 4 நொடி என்றால் 8 வையுங்கள். அதற்கும் மேல் கேட்டால் எண்ணைத் தொடும் முன் விழுந்த கணத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் பட்டன்மேல் ஏதோ ஒரு பாப்அப் நின்றுகொண்டிருக்கும்.