கடல் உப்பில் கிருமி செத்துவிடாதா?

கேள்வி: அரையாண்டு லீவுக்கு முட்டுக்காடு தாண்டி ஒரு கடலோர ரிசார்ட்டில் ரூம் போட்டிருக்கிறோம். போன டிசம்பரில் அந்தப் பக்கம் குளித்துவிட்டு வந்து சின்னவனுக்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. "உப்புத் தண்ணீரில் கிருமி ஏது?" என்கிறார் கணவர். பிள்ளைகளை இறக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வது பாதி சரி. உப்பிலும் வெயிலிலும் ஈ.கோலை என்ற குடல் கிருமி சீக்கிரம் சாகும், ஆனால் என்டரோகாக்கஸ் என்று இன்னொரு குடல் கிருமி, அது லேசில் சாகாது. அதனால்தான் முட்டுக்காட்டை அடுத்த கோவளம் கடற்கரைக்கு 2021-இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றில் (சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) 100 மில்லி தண்ணீருக்கு ஈ.கோலை 250, என்டரோகாக்கஸ் 100 என்று இரண்டுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தச் சான்றும் கொடி நட்ட துண்டுக் கரைக்குத்தான், உங்கள் ரிசார்ட் வாசலுக்கு அல்ல.

டிசம்பரில்தான் சிக்கலே. தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநில வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது, வழியில் இருக்கிற சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு. தண்ணீர் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் வெயிலும் உள்ளே இறங்காது. பெருமழை விட்டு மூன்று நாளாவது போகட்டும், முகத்துவாரம் பக்கம் எப்போதுமே வேண்டாம். ரிசார்ட்டில் "தண்ணீர் சுத்தமா?" என்று கேட்காதீர்கள் (காசு வாங்கியவர் வேறென்ன சொல்வார்), "உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள், முழிப்பதிலேயே தெரிந்துவிடும்.

சரி, கிருமியாவது ஒரு வாரம் படுத்தும், நீரோட்டம் ஆளையே கொண்டுபோய்விடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கறுப்பாக, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான், ஆனால் கரையேறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழி அது. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும் இப்படி இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல் மிதந்தபடி பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். முழங்கால் ஆழத்துக்கு மேல் பிள்ளைகளை விடாதீர்கள், உயிர்காக்கும் காவலர் (லைஃப்கார்டு) இல்லாத கரையில் அதுவும் வேண்டாம்.

அப்புறம், காலையில் கரையில் வலை உதறுகிறவர்களிடம் "அண்ணே, இன்னிக்கு இழுப்பு எப்படி?" என்று உங்கள் கணவரையே கேட்கச் சொல்லுங்கள்.