பதில்: ஈய நஞ்சு ஏறிய கிடேரிக்கு இ.டி.டி.ஏ. ஊசி

ஐயா, பழைய டிராக்டர் பேட்டரித் தகட்டை நக்கிய தங்கள் கிடேரி, ஈயத்தைக் கவ்வி வெளியேற்றும் மருந்தான இ.டி.டி.ஏ.வை மூன்று நாள் ஊசியாகப் போட்ட பிறகும் தீனி எடுக்காமல் துவண்டு கிடப்பதாகவும், மருந்து உடலின் கால்சியத்தையே உறிஞ்சிவிட்டதோ என அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் மருந்துக் குப்பியின் சீட்டைப் பாருங்கள். அதில் 'கால்சியம் டைசோடியம்' என்றிருந்தால் அந்த அச்சம் வேண்டாம். அம்மருந்து தான் சுமந்து வரும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைக் கவ்விச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வெறும் 'டைசோடியம்' என்றிருந்தால் நிலைமை வேறு: அது இரத்தக் கால்சியத்தையே பற்றிக்கொள்வதால், வேகமாக ஏற்றினால் தசை நடுங்கி, காது நுனி குளிர்ந்து, மாடு பால் காய்ச்சல் (கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் குறைவதால் வரும் நோய்) கண்டதுபோல் படுத்துவிடும், இதயத் துடிப்பும் தடுமாறும். அப்படியானால் இன்றே மருத்துவரை அழையுங்கள்.

சரியான மருந்தேயாயினும் ஈயத்தோடு துத்தநாகமும் கணிசமாக வெளியேறும், சிறுநீரகமும் சோரும். அதனால்தான் மூன்று முதல் ஐந்து நாள் ஊசிக்குப் பின் சில நாள் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில் துத்தநாகம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின், அவற்றோடு கால்சியம் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் அடுத்த சுற்று ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

துவளுதலுக்கு ஈயமே காரணமாகவும் இருக்கலாம். கிடேரி சுவரில் முட்டுகிறதா, பல்லை நறநறக்கிறதா, இமை துடிக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈயத்தால் வரும் இந்த அறிகுறிகளுக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி உதவும். வயிற்றில் தகட்டுத் துணுக்கு தங்கியிருந்தால் ஈயம் மேலும் ஏறிக்கொண்டேயிருக்கும் என்பதால், ஈயத்தைக் கரையாதபடி கட்டி வெளியேற்றும் பேதி உப்பான மெக்னீசியம் சல்பேட் புகட்டுவது குறித்தும் கேளுங்கள். அந்தப் பேட்டரி கிடந்த இடத்தில் மேய்ந்த மற்ற மாடுகளையும் தயவுசெய்து காட்டுங்கள்.