பழைய இரும்பில் ஒரு சாய்வு சைக்கிள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: முதுகுவலியால் சாதாரண சைக்கிளை விட்டுவிட்டேன். சாய்ந்திருந்து கால்களை முன்னே நீட்டி உழக்கும் சைக்கிளொன்றை நானே செய்ய விரும்புகிறேன். எவற்றைப் பழையனவாக வாங்கலாம்? (உவர்மலை)

பதில்: உடைந்தால் உங்களை நடக்க வைக்கும் பாகங்கள் பழையனவாக இருக்கலாம், உடைந்தால் உங்களை வீழ்த்தும் பாகங்கள் புதியனவாகவே இருக்க வேண்டும். பெரியவர் சைக்கிளொன்றின் பின்பாதி, சிறுவர் சைக்கிளொன்றின் முன்சில்லு, பெடல்கள் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் தேடுங்கள். முன்கவையையும் பிரேக் கட்டைகளையும் பிரேக் கம்பிகளையும் அங்கே தேடாதீர்கள். கடற்காற்று படும் நம் திருகோணமலையில் வெளியே பளபளக்கும் சட்டம் உள்ளே அரித்துப்போயிருப்பது வழமை என்பதால், இருக்கைத் தண்டைக் கழற்றிக் குழாய்க்குள் விளக்கடித்துப் பாருங்கள். துருச்செதில் கொட்டினால் விலை பேசவே வேண்டாம்.

கேள்வி: இது வேகம் வராத விளையாட்டுப் பொருள் என்கிறார் அண்ணன். செலவழிக்கலாமா? (தம்பலகாமம்)

பதில்: பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர், சார்ள் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் 1933இல் ஒரு மணிநேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார், 1934இல் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் அவ்வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. வேகம் வராத வண்டியை எவரும் விலக்குவதில்லை. ஆனால் இதில் எழுந்து நின்று உழக்க முடியாது. உங்கள் வயல்வெளி வீதிகளுக்கு உகந்தது. கோணேசர் கோயில் ஏற்றத்துக்கு அன்று.

கேள்வி: செயினுக்குப் பதிலாகச் சலவை இயந்திரத்தின் பழைய பட்டியைப் பூட்டலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: '20 அங்குலம்' என்று கேட்டு வாங்கிய ரயர் றிம்மில் ஏறவில்லை. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (உப்புவெளி)

பதில்: 20 அங்குலம் என்பது ரயரின் வெளிவிட்டத்தை ஏறத்தாழச் சொல்லும் பெயரேயன்றி அளவன்று. அப்பெயரில் விற்பவற்றுள் றிம்மில் அமரும் விட்டம் 406 மில்லிமீற்றர் கொண்டவையும் உண்டு, 451 கொண்டவையும் உண்டு. 26 அங்குலத்திலோ மலைச் சைக்கிளுக்கு 559, பழைய வகையொன்றுக்கு 590. ரயரின் பக்கத்தில் 47-406 என்பதுபோல அச்சிடப்பட்டிருக்கும்: முதலாவது அகலம், இரண்டாவது அமரும் விட்டம். இந்த இரண்டாவது எண்ணைப் படித்து விற்கும் கடைக்காரரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். 'எல்லாம் ஒன்றுதான், கொஞ்சம் இழுத்துப் போடுங்கள்' என்ற உறுதிமொழியோடு எனக்கு விற்கப்பட்ட 451 ரயர் இன்னும் எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. நாளாந்தம் ரயர் விற்றுப் பிழைப்பவர் அதன் அளவைப் படிக்கப் பழகாமலிருப்பதும், அதற்கான நட்டத்தை வாங்குபவர் சுமப்பதும் எந்த ஊர் நியாயம்? அழுக்குப் படாத ரயரை மாற்றிக் கொடுப்பதே முறை என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது றிம்மையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: கிலோக் கணக்கில் வாங்கிய மூன்று பழைய செயின்களை இணைத்தேன். புதிய பற்சக்கரத்தில் வழுக்குகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. நிறுத்து விற்ற இரும்புக்கு எவர் உத்தரவாதம் தருவார்? புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தால் அச்செயின் முடிந்துபோனது. பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டம் ஒன்றே போதுமாயிருந்தது. இவ்வகைச் சைக்கிளுக்கு இரண்டரை முதல் மூன்று செயின்களின் நீளம் தேவைப்படும் என்பதால், தேய்ந்ததும் தேயாததும் ஒரே சுற்றில் கலந்தால் ஒருபோதும் ஒழுங்காக ஓடாது. புதியன வாங்குங்கள், சுற்று நீளமாகையால் அவை மெதுவாகவே தேயும்.

கேள்வி: வெல்டிங் கடையொன்றில் சட்டம் ஒட்ட முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுத்தேன். சில்லுகள் ஒரே கோட்டில் இல்லை, ஒட்டும் வெடித்துள்ளது. 'ஓடப் பழகினால் சரிவரும்' என்கிறார். பற்றுச்சீட்டு இல்லை. (மூதூர்)

பதில்: தயவுசெய்து ஓடாதீர்கள். வேலை தெரிந்தவரென நம்பிக் கொடுத்தது உங்கள் குற்றமன்று. வெடிப்பையும், பின்சில்லிலிருந்து முன்சில்லுவரை நூல் பிடித்துக் கோணலையும் படமெடுத்து வையுங்கள். அதற்குமுன் வேறொருவரிடம் திருத்தக் கொடுக்க வேண்டாம். அவர் பாவித்தது துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயா என்றும் பாருங்கள். பூச்சை அராவி அகற்றாமல் ஒட்டினால் ஒட்டில் நுண்துளைகள் விழும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வர்த்தகர் கடமைப்பட்டவர், ஆகவே இப்போதாவது கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாடு அந்த அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போய்ச்சேர வேண்டும். தொலைபேசியில் ஆலோசனை கேட்க அதன் இலக்கம் 1977. அவர் ஊர்க்காரர் என்றால் மத்தியஸ்த சபையையும் நாடலாம்.

கேள்வி: பஸ் நிலையத்தருகே ஒருவர் நல்ல சைக்கிளொன்றைப் பாகங்களுக்காக மிக மலிவாகத் தருகிறார். சட்டத்தின் இலக்கம் அராவப்பட்டுள்ளது. வாங்கலாமா?

பதில்: இலக்கத்தை அராவியது யாரென்று பொலிஸார் உங்களிடம்தான் கேட்பார்கள். வாங்காதீர்கள்.