கவிஞர் ஏன் நாவலுக்குப் போனார்?

அன்புள்ள ஐயா,

சல்மாவின் 'பச்சை தேவதை' கவிதைகள் என்னை உலுக்கிவிட்டன. அந்த வேகத்தில் அவருடைய நாவலான 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை எடுத்தேன், பாதிக்கு மேல் நகரவில்லை. ஏகப்பட்ட பாத்திரங்கள், ஓயாத பேச்சு. அவர் கவிஞராகவே இருந்திருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பேச்சை எழுதத்தான் அவர் நாவலுக்கே போனார் என்று நினைக்கிறேன். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் சிறு வயதிலேயே படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டவர், கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, சல்மா என்ற புனைபெயரில் வெளியே அனுப்பியவர். ஒளித்து எழுதுகிறவருக்குக் கவிதைதான் கைகொடுக்கும். ஒரு துண்டுத் தாள் போதும், காலடிச் சத்தம் கேட்டால் மறைத்துவிடலாம். 2000-ல் வந்த 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', 2003-ல் வந்த 'பச்சை தேவதை' இரண்டிலுமே பெரும்பாலும் ஒரு பெண், ஒரு அறை, எதிரே கணவன். உங்களை உலுக்கியது அந்தத் தனிமைதான். சரி, அந்த அறைக்குள் அவளை வைத்தது யார்? கணவன் மட்டுமா? அம்மா, மாமியார், சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரி, இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான். இதைச் சொல்லக் கவிதையில் இடம் போதாது.

2004-ல் வந்த நாவல் இவர்களையெல்லாம் உள்ளே விடுகிறது. சிறுமி ராபியாவின் கண்ணில் படுவதும் வஹிதாவின் கல்யாணமும் ஃபிர்தவ்ஸின் ஆசையும், வீடு வீடாக நடக்கும் பேச்சின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. ஒரு பெண்ணைப் பற்றிப் பத்துப் பேர் பேசப் பேச அவளுக்கான இடம் எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பக்கம் பக்கமாகத்தான் காட்ட முடியும். நாவல் தளர்வாக இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன், சில இடங்கள் எனக்கும் நீளமாகப் பட்டன. ஆனால் அதை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்தத் தெருவே காணாமல் போயிருக்கும். 2016-ல் வந்த 'மனாமியங்கள்' இதைவிடக் கட்டுக்கோப்பானது. கணவன் மதப் பிடிப்பில் இறுக இறுக மனைவி மெஹர் என்ன ஆகிறாள் என்று நேராகப் போகிறது. எனக்கு முதல் நாவல்தான் பெரிது.

அரசியலுக்குப் போனதால்தான் எழுத்து மாறியது என்று சொல்கிறவர்களும் உண்டு. 2001-லேயே உள்ளாட்சித் தேர்தலில் வென்று பேரூராட்சித் தலைவராகிவிட்டார். உங்களை உலுக்கிய 'பச்சை தேவதை' அதற்குப் பிறகு வந்ததுதான், அதனால் அந்த வாதம் நிற்காது.

ஃபிர்தவ்ஸின் முடிவு வரை நீங்கள் இன்னும் வரவில்லை என்று தெரிகிறது. அதை நான் சொல்லிக் கெடுக்கமாட்டேன். யார் யார் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், பேச்சைக் கேட்டுக்கொண்டே போங்கள், பெயர்கள் தானாகப் பிடிபடும். முடித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்