கல்லீரலே வைரஸுக்குக் கவசமாகும் விந்தை

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. ஹெபடைடிஸ் சி இருப்பதாகக் கூறி, 12 வாரங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள்தான் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்துகின்றன என்று படித்தேன். அவை குறைந்ததால்தான் வைரஸ் தங்கிவிட்டதா? அதற்குப் பரிசோதனை உண்டா?

பதில்: குறைவால் வந்த நோய் அல்ல இது, உண்மை ஏறக்குறைய நேர்மாறானது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 மரபணு எழுத்துகளே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு. புரதம் தயாரிக்கும் உத்தரவைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தயாரிப்பை அது மட்டுப்படுத்துகிறது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. அப்போது மிர்-155 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., இன்டர்ஃபெரான் சமிக்ஞையை அடக்கும் சாக்ஸ்-1 என்ற புரதத்தைக் குறைத்து எதிர்ப்பை முடுக்குகிறது. மிர்-146ஏ என்ற இன்னொன்று அழற்சிச் சமிக்ஞையைக் கடத்தும் புரதங்களைக் குறைத்து வேகத்தைத் தணிக்கிறது. இந்தத் தணிப்பு இல்லாவிட்டால் அழற்சியே உறுப்பைப் புண்ணாக்கிவிடும் என்பதால், இதைக் கெட்டதென்று எண்ண வேண்டாம்.

கல்லீரல் செல்களில் மிக அதிகமாக இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிர்-122. ஹெபடைடிஸ் சி வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையில் இதை ஒட்டவைத்துக்கொள்கிறது. முனை மூடப்பட்டுவிடுவதால், அதை அரித்துத் தின்ன வரும் நம் செல்லின் நொதிகளால் எளிதில் நெருங்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, இன்டர்ஃபெரான் சுரக்கக் கட்டளையிடும் மேவ்ஸ் என்ற புரதத்தையும் வைரஸின் நொதி ஒன்று வெட்டிவிடுகிறது. எனவே வைரஸ் தங்கியதற்கு உங்கள் அண்ணனின் உடல் வலுவையோ பழக்கத்தையோ குறை சொல்ல இடமில்லை; அவரிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

மிர்-122ஐத் தடுக்கும் மிராவிர்சென் ஊசியை 36 நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவு வெளியிட்டார்கள். வைரஸின் அளவு நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே காலத்தில், வைரஸை நேரடியாகத் தாக்கும் சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகள் வந்து, நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகும் நிலை ஏற்பட்டதால் அந்த ஊசிக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

ஆகவே மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும், கல்லீரலில் சிரோசிஸ் (தழும்பேறி இறுகுதல்) உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டு முடித்து, 12 வாரங்கள் கழித்து வைரஸ் ஆர்.என்.ஏ. அளவைச் சோதிக்க வேண்டும். குணமான பின்னும் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம்.