பி.காம் படிக்கும் மகளுக்கு லோ-கோட் வேலை சரிவருமா?

மகள் திருப்பூரில் பி.காம் இறுதியாண்டு, கோடிங் என்றால் பயம், லோ-கோட் (அதிகம் கோடிங் எழுதாமல், கட்டங்களை இழுத்துப் போட்டு ஆப் கட்டும் முறை) கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பெரிய தொகை கட்டி எங்கும் சேர்க்க வேண்டாம்.

‘இழுத்துப் போட்டால் சாஃப்ட்வேர் ரெடி’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பாதிதான் உண்மை. ஃபார்மை ஒரே நாளில் இழுத்துப் போட்டுவிடலாம். எந்த விவரம் எந்த டேபிளில் (விவரப் பட்டியலில்) உட்கார வேண்டும் என்று பிரிப்பதில்தான் ஆள் திணறுவார். பில் வேறு, வரவு வேறு, பாக்கி வேறு என்று கணக்குப் படித்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளுக்குக் கைகொடுக்கப் போவது அந்தப் படிப்புதான்.

உங்கள் ஊர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி 12 ரோல், 300 கிலோ துணியை டி.சி. (டெலிவரி சலான், அதாவது சரக்கு அனுப்பும் சீட்டு) போட்டு டையிங்குக்கு அனுப்புகிறது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் டி.சி. ஃபார்மிலேயே ‘திரும்பி வந்த எடை’ என்று ஒரு கட்டம் வைத்துவிடுவார்கள். முதல் லோடில் 180 கிலோ வரும், பதிவார்கள். நாலு நாள் கழித்து 108 கிலோ வந்ததும் அதே கட்டத்தில் 108 என்று அடிப்பார்கள். அந்த 180 போன இடம் தெரியாது. வரவுக்குத் தனி டேபிள் வைத்து, ஒவ்வொரு வரவையும் டி.சி. எண்ணோடு லுக்-அப் (இன்னொரு டேபிளின் பதிவைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்) மூலம் இணைக்க வேண்டும். பாக்கியை யாரும் டைப் செய்யக் கூடாது. கூட்டிக் கழித்து ஆப்பே காட்ட வேண்டும்.

இப்போது பாக்கி 12 கிலோ. இது டையிங்கில் போன 4 சதவீத நஷ்டமா, இன்னும் வர வேண்டிய துணியா? அதை ஆப் முடிவு செய்ய முடியாது. ‘டி.சி. முடிந்தது’ என்று ஒரு டிக் பாக்ஸ் வைத்து, அதை டிக் செய்யும் உரிமையை மேனேஜருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். அதனால், முடியாத டி.சி.க்கு 300ஆம் நாளே எச்சரிக்கை மெயில் போகும்படி செய்தால் முதலாளிக்கு ஆப்பின் அருமை தெரியும்.

ஜோஹோ கிரியேட்டர் என்ற லோ-கோட் தளத்தில் இதைக் கட்டும்போது ஒரு குழி இருக்கிறது. வரவு பாக்கியைத் தாண்டினால் பதிவைத் தடுக்க, டெலூஜ் என்ற ஜோஹோவின் கோடிங் மொழியில் நாலைந்து வரி எழுதினால் போதும். புதுப் பதிவுகளில் சரியாக ஓடும். 108ஐ 110 என்று திருத்தப் போனால் மறுத்துவிடும்! ஏற்கெனவே சேமித்த 288ஓடு 110ஐயும் கூட்டி 398 என்று பார்ப்பதுதான் காரணம். திருத்தும்போது அந்தப் பதிவை மட்டும் விலக்கிவிட்டுக் கூட்டச் சொல்ல வேண்டும். கோடிங்கே வேண்டாம் என்று நினைத்து வருபவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு லோ-கோட் தளமான மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸில் குழி வேறு இடத்தில். ஷேர்பாயிண்ட் லிஸ்ட் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் பட்டியல்) மேல் ‘சர்ச்’ ஃபார்முலா போட்டால், வழக்கமான செட்டிங்கில் முதல் 500 வரிகளுக்குள் மட்டும் தேடும். அதிகபட்சம் 2,000 வரை ஏற்றலாம். மாதிரிக்கு 50 வரி வைத்துச் சோதிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஓடியபின் ‘பதிவு காணோம்’ என்று போன் வரும். அந்த வரம்பை 1 என்று வைத்துச் சோதித்தால் தப்பு முதல் நாளே தெரிந்துவிடும். ஃபார்முலாவில் மஞ்சள் முக்கோண எச்சரிக்கை வந்தால் அதை மூடிவிட்டுப் போகும் பழக்கம் கூடவே கூடாது.

இரண்டு மாதம், தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கட்டும். முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரில் எந்த ஆப்பும் கட்ட வேண்டாம். டி.சி. புத்தகம் ஒன்றை வைத்து, பார்ட்டி, துணி, டி.சி., வரவு என்று நாலு டேபிளைத் தாளில் வரையட்டும். கூடவே டேபிள்களிலிருந்து விவரம் கேட்டெடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் செலக்ட், ஜாயின், குரூப் பை ஆகிய கட்டளைகள் மட்டும் போதும். ஜோஹோவின் இலவச டிரையல் சில நாள்தான் என்பதால், தாள் வேலை முடியுமுன் அதைத் திறந்து வீணாக்கக் கூடாது. பவர் ஆப்ஸின் இலவச டெவலப்பர் பிளானுக்கு ஜிமெயில் செல்லாது. கல்லூரி மெயில் ஐ.டி. இருந்தால், படிப்பு முடிந்து அது அணையுமுன் பயன்படுத்திக்கொள்ளட்டும். பவர் ஆப்ஸ் போன்ற மைக்ரோசாஃப்ட் கருவிகளுக்கான பி.எல்.-900 சான்றிதழ் அடிப்படைத் தேர்வுதான். ரெஸ்யூமில் ஒரு வரி, அவ்வளவே. அதற்கான பாடம் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசம்.

டெலூஜ் ஜோஹோவுக்கு வெளியே ஓடாது, பவர் ஆப்ஸ் ஃபார்முலா மைக்ரோசாஃப்டைத் தாண்டாது. எஸ்.க்யூ.எல்.லை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். வேலை தேடும்போது பெரிய ஐ.டி. நிறுவனங்களோடு, இந்தத் தளங்களைச் சிறு நிறுவனங்களுக்கு அமைத்துக் கொடுக்கும் பார்ட்னர் கம்பெனிகளையும் பார்க்கட்டும். அங்கே முதல் ஆறு மாதம் ஆப் கட்டுவதைவிட, வாடிக்கையாளரின் பழைய எக்செலைச் சுத்தம் செய்வதிலேயே போகும்; ஒரே பார்ட்டி பெயர் ஐந்து விதமாக இருக்கும். அலுப்பாகத்தான் இருக்கும், மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நேர்காணலுக்குச் சான்றிதழ் கட்டோடு போக வேண்டாம். ஓடும் ஆப்பையும், அந்த நாலு டேபிள் வரைந்த தாளையும் கொண்டுபோகட்டும்.