நாலு முகூர்த்தத்துக்குக் கும்பகோணம் போனவளுக்கு மாமா வீடு தூரமா?

கேள்வி: எனக்கு வயது 27. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. லீவு நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் கல்யாண போட்டோ எடுக்கப் போகிறேன். என் முதல் கேமராவை வாங்கித் தந்தவர் கும்பகோணத்தில் இருக்கும் என் தாய்மாமா. முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர், இப்போது மூடிவிட்டார். எனக்காக ஆசைப்பட்டு எடுக்கும் படங்களை எங்கள் போட்டோ குரூப்பில் போட்டுவிட்டு அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். குரூப்பில் எல்லாரும் பாராட்டுவார்கள். மாமா ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. பெரிய கோயில் படத்துக்கு, "எதுக்கு எடுத்தே?" என்றார். நடவுப் படத்துக்கு (இணைத்திருக்கிறேன்), "முதுகுதான் தெரியுது, முகம் எங்கே?" என்றார். அது நிழலுருவப் படம் என்பதே அவருக்குப் புரியவில்லை. கடைசியில் எப்போதும் "பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு வாம்மா" என்பார். எனக்கு நேரம் எங்கே? இந்த வைகாசியில் கும்பகோணத்தில் மட்டும் நாலு கல்யாணம் எடுத்தேன். மாமா பையன் காலேஜ் முதல் வருஷம். போனில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புவான். மனசு நோகக் கூடாதே என்று ஹார்ட் போட்டுவிடுவேன். அந்த நாகரிகம் பெரியவருக்கு ஏன் இல்லை? கொஞ்சம் பாசிட்டிவாக விமர்சிக்கும்படி அவரிடம் எப்படிச் சொல்வது? இல்லை, படம் அனுப்புவதையே நிறுத்திவிடவா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைகாசியில் நாலு முறை கும்பகோணம் போயிருக்கிறாய். மாமா வீட்டு வாசலை ஒரு முறையாவது மிதித்தாயா?

இதை ஒரு பெரிய விஷயமாக நினைத்து நீ எழுதவில்லை. எவ்வளவு வேலை என்று காட்டுவதற்காக எழுதியிருக்கிறாய். ஆனால் "நேரம் எங்கே" என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே நாலு கல்யாணம் வந்து நிற்கிறது. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறியிருப்பாய். அதே ஊரில் ஒரு மனுஷன், உனக்குக் கேமரா வாங்கித் தந்தவர், படத்தைக் கையில் கொண்டு வா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக, விமர்சனம் கடுமையாக இருக்கிறது என்பதற்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. விமர்சனம் செய்கிறவர் முன்னால் போய் உட்கார நீ தயாராக இல்லை.

அவர் பிரிண்ட் கேட்பது பழைய காலத்து ஆளின் பிடிவாதம் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. உன் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000க்கு 4000 புள்ளி. அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கமே 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் படம் முழுசாகப் போகும், சரி. ஆனால் பார்ப்பது என்னவோ உள்ளங்கை அளவுத் திரையில்தான். வெளிச்சத்தைக் கூட்டி வைத்த போனில் ஒரு மாதிரியும், குறைத்து வைத்த போனில் வேறு மாதிரியும் தெரியும். பிரிண்ட் அப்படி மாறாது. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் நின்று, டெவலப்பர் தட்டில் முகம் மெல்ல ஏறி வருவதைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. உன் படத்தைத் தாளில் பார்த்தால்தான் நிழலில் என்ன இருக்கிறது, வெள்ளை எங்கே எரிந்து போயிருக்கிறது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் 'ட' வடிவத்தில் வெட்டிய அட்டை இரண்டு இருக்கும். பிரிண்டை மேஜையில் வைத்து, அந்த இரண்டையும் எதிரெதிராக மேலே வைத்து நகர்த்துவார்கள். "இந்தப் பக்கம் இவ்வளவு வேண்டாம், இப்போ பாரு." அரை அங்குலம் நகர்த்தினால் படமே வேறாகிவிடும். இதை வாட்ஸ்அப்பில் எப்படிச் செய்வது? "முகம் எங்கே?" என்று ஒற்றை வரியில் குறை சொல்லி நிறுத்துவது பாதி வேலைதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எங்கே நின்றிருக்க வேண்டும், எதை விட்டிருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. அந்த மீதிக்காகத்தான் அவர் உன்னை வரச் சொல்கிறார். நீ போகாமல் இருந்துகொண்டு, அவர் பாதிதான் சொல்கிறார் என்று எனக்கு எழுதுகிறாய்.

இப்போது அந்த நடவுப் படம். நானும் பார்த்தேன். மாமா சொன்னது சரி.

நிழலுருவம் என்கிறாய். நிழலுருவத்தில் முகமும் நிறமும் போய்விடும், வெளிக்கோடு மட்டும்தான் பேசும். அதனால் ஓர் உருவத்துக்கும் அடுத்த உருவத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். உன் படத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஒரே கறுப்புத் திட்டாக இருக்கிறார்கள். கை எது, நாற்று முடி எது என்று பிரிக்க முடியவில்லை. நீ வரப்பின் மேல் நின்றபடி கீழ்நோக்கி எடுத்திருக்கிறாய், அதனால் அவர்களுக்குப் பின்னால் வானம் இல்லை, சேறும் தண்ணீரும்தான். வயலுக்குள் இறங்கிக் குனிந்து எடுத்திருந்தால் அதே முதுகுகள் வானத்தில் வரைந்த மாதிரி நின்றிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ திட்டமிட்டு அதை நிழலுருவமாக எடுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நடவு வயலில் தண்ணீர் நிற்கும், அதில் வானம் முழுக்க மின்னும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று தானே குறைத்துவிடும். தலையில் துண்டு கட்டிக் குனிந்திருக்கும் பெண்களின் முகம் ஏற்கெனவே நிழலில் இருக்கிறது, அது கரியாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வைத்திருக்க வேண்டும், அல்லது ஸ்பாட் மீட்டரில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளந்து பார்த்திருக்க வேண்டும். "முகம் எங்கே?" என்ற இரண்டு வார்த்தையில் மாமா கேட்டது இதையெல்லாம்தான். நீயோ வந்த குறைக்கு ஒரு கலைப்பெயர் சூட்டிவிட்டு, அவருக்குப் புரியவில்லை என்கிறாய். கற்றுக்கொள்கிற வயதில் இருக்கவே கூடாத பழக்கம் இது.

அந்தப் பெண்களில் ஒருவருக்காவது படத்தின் ஒரு காப்பி கொடுத்தாயா?

"எதுக்கு எடுத்தே?" என்ற கேள்வியை அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு படத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிட மரியாதையானது எனக்குத் தெரியாது. நீ ஏதோ ஒன்றை நினைத்துத்தான் எடுத்திருப்பாய் என்று நம்புகிறவர்தானே இப்படிக் கேட்பார்? 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராகத் தஞ்சாவூருக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தை எடுத்தார், நாம் எல்லாரும் எடுக்கிற மாதிரிதான். அதோடு நிற்காமல், அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டு எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அவரிடம் "எதுக்கு எடுத்தே?" என்று கேட்டால் பதில் அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது. உன் கோயில் படத்துக்கு நீ என்ன பதில் சொன்னாய்? கடிதத்தில் அதைக் காணோம். "சாயங்கால வெளிச்சம் விமானத்தில் பட்டது, பிடித்திருந்தது மாமா" என்று சொல்லியிருந்தால்கூட அடுத்த பேச்சு அந்த வெளிச்சத்தைப் பற்றி ஆரம்பித்திருக்கும்.

நீ காட்டுகிற வரிசையும் தப்பு. முதலில் குரூப், பிறகு மாமா. பாராட்டு வந்து குவிந்த பிறகு குறை கேட்டால் யாருக்குத்தான் உறைக்கும்? தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், சற்று விலகினால் சுவாமிமலை. அங்கே ஒரு பட்டறையில் நின்று பார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து வைத்திருக்கும்போதுதான் மூத்த ஸ்தபதி வந்து மூக்கைத் தொடுவார், விரல் மடிப்பைத் திருத்துவார். காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றிய பிறகு வருகிறவர் உளியால் செதுக்கத்தான் முடியும், வளைக்க முடியாது. உன் படத்தை மெழுகாக இருக்கும்போது மாமாவிடம் காட்டு. ஊர் பார்ப்பதற்கு முன்னால், ஆல்பம் போவதற்கு முன்னால்.

குரூப்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உன் படத்தை அவர்கள் பார்த்த நேரம் கட்டைவிரல் ஒரு முறை தள்ளுகிற நேரம். நாளைக்கு அவர்கள் படத்துக்கு நீயும் அதைத்தான் செய்வாய். நீ முன்னேறினாலும் முன்னேறாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. மாமாவுக்கு இருக்கிறது. எனக்கு இதில் ஒரு தீர்மானமான எண்ணம் உண்டு: சொந்தத்தில் ஒருவர் உன் வேலையைக் கூர்ந்து பார்த்துக் குறை சொல்கிறார் என்றால், அது அவர் செலுத்துகிற கடமை. காது குத்துக்கு மடி கொடுப்பதும் சீர் கொண்டு வருவதும் மட்டுமே தாய்மாமன் முறை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்து 120 பிலிம் ரோலில் பன்னிரண்டே படம். ஒவ்வொன்றுக்கும் காசு. அப்படி எண்ணி எண்ணி எடுத்துக் கற்ற தொழிலை, ஸ்டூடியோவை மூடிய பிறகு யாரிடம் கொடுப்பது என்று அவர் தேடினால் எதிரில் நீதான் இருக்கிறாய்.

மாமா பையன் விஷயத்தில்தான் உன் மேல் எனக்கு நிஜமான வருத்தம். அவனுக்கு ஹார்ட் போடுவதை நாகரிகம் என்கிறாய். இல்லை மகளே, அது தட்டிக் கழிப்பது. அப்பா ஸ்டூடியோ நடத்தியவர், வீட்டிலேயே இருக்கிறார், இருந்தும் அவன் அக்காவுக்கு அனுப்புகிறான். ஏன்? உன் வார்த்தை அவனுக்கு வேண்டும். மாமா உனக்குக் கொடுக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீ அவனுக்குக் கொடுக்கவில்லை. மனசு நோகாமல் சொல்வது என்பது குறையையே சொல்லாமல் விடுவது அல்ல. அவன் படத்தைப் பெரிதாக்கி, அரை நிமிஷம் பேசாமல் பார். உன் கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே வழுக்கி வெளியே போகிறது என்று கவனி. அதைச் சொல். "நான் தேரைப் பார்க்குறதுக்கு முன்னாடி அந்த மஞ்சள் பிளாஸ்டிக் குடம்தான் கண்ணில் படுது" என்று சொன்னால் எந்தப் பையனும் உடைந்துபோக மாட்டான், அடுத்த முறை குடத்தைப் பார்ப்பான். "இதில் எதைக் காட்ட நினைச்சே?" என்று கேள், சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே. நாளைக்கே அவனால் மாற்றிச் செய்ய முடிகிற ஒரு விஷயத்தைச் சொல். ஒன்று போதும், ஒரே நாளில் பத்து சொன்னால் மறுநாள் கேமராவைத் தொடமாட்டான். "நான் எடுத்திருந்தா" என்று மட்டும் ஆரம்பிக்காதே. குடும்ப குரூப்பில் சொல்லாதே, தனியாகச் சொல்.

மாமாவிடம் பாசிட்டிவாகப் பேசும்படி கேட்க வேண்டாம். அந்த வயதில் ஒருவர் பேச்சின் தொனியை மாற்றச் சொல்வது வீண், அவசியமும் இல்லை. நீ கேட்கிற விதத்தை மாற்று. "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டால் தீர்ப்புதான் வரும். "நான் எங்கே நின்றிருக்கணும்?" என்று கேட்டால் வழி வரும். அவர் பேசும்போது வெயில், நேரம், லென்ஸ் என்று எந்தக் காரணமும் சொல்லாதே. குறித்துக்கொள். அவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரசனையில் அவருக்கும் உனக்கும் முப்பது வருஷ வித்தியாசம் இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துப் பிரிண்டை மறுபடி எடுத்துப் பார், ஒப்பாததைத் தள்ளு. கேட்டு முடிப்பதற்கு முன்பே தள்ளாதே.

குறுவை நடவு எங்காவது இன்னும் நடந்துகொண்டிருக்கும். காலை எட்டு மணிக்குள் போ. அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு வயலுக்குள் இறங்கு. எடுத்ததில் நாற்பதை அனுப்பாமல், ஐந்தை நீயே பொறுக்கு. பொறுக்கும்போதே பாதி விமர்சனம் உனக்கு வந்துவிடும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில், பளபளக்காத மேட் தாளில் பிரிண்ட் போடு. அதோடு மாமா பையன் அனுப்பியதில் மூன்றைச் சேர்த்துப் போடு, காசு உன்னுடையது. அடுத்த முகூர்த்தம் வரைக்கும் காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே கும்பகோணம் போ. முதலில் அவன் படங்களை மேஜையில் வை, அவனையும் பக்கத்தில் உட்காரச் சொல். மாமா அந்த அட்டைகளைத் தேடி எடுக்கட்டும்.